பெயர் மாற்ற வந்தவன்

வேலணையில் இப்போது காப்புறுதி முகவராக வேலை செய்யும் தர்சினி சென்ற மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கிளை அலுவலகம் ஆண்டு மலர் ஒன்று வெளியிடுகிறதாம். வீட்டில் இருந்தபடியே இந்தத் தொழிலைத் தொடங்கி நிலைத்தது எப்படி என்று, புதிதாகச் சேருகிறவர்களுக்காக நான் எழுதித் தரவேண்டுமாம்.

"ஐயா, தீவுப்பக்கத்திலை நீங்கள்தான் முதல் ஆள். ரெண்டு பக்கம் காணும். வாசிக்கிறவைக்கு உற்சாகமா இருக்கவேணும்," என்றாள்.

பேச்சுவாக்கில் தன் கைத்தொலைபேசியையும் காட்டினாள். வாடிக்கையாளர் தன்னுடைய முகவரியை, வங்கிக் கணக்கை, பின்னுரித்தாளரின் பெயரைக்கூட இனி அதிலேயே மாற்றிக்கொள்ளலாம். முகவரிடம் வரத் தேவையே இல்லை. "பாருங்கோ, முடிஞ்சுது," என்று அவள் விரலால் தள்ளிக் காட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வயதுக் கோளாறு என்று நினைத்து அவள் எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து தந்தாள்.

உற்சாகமாக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. வந்தது இதுதான். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

காப்புறுதி செய்தவர் இறந்தால் பணம் யாரிடம் போகவேண்டும் என்று அவர் முன்கூட்டியே ஒருவரின் பெயரைக் குறிப்பார். அந்த ஒருவரைத்தான் பின்னுரித்தாளர் என்கிறோம். நான் சொல்லப்போவது அப்படி ஒரு பெயரைப் பற்றியது.

நான் பட்டப்படிப்பு முடித்தவன். கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். போர் முடிந்து பாதை திறந்த பிறகு, மனைவி மங்களத்தின் சீதன வீடு சுவர்களாவது மிஞ்சி நிற்கிறது என்று கேள்விப்பட்டு வேலணைக்குத் திரும்பினோம். ஓய்வூதியம் இல்லை. மகள் வவுனியாவில் தன் குடும்பத்தோடு சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில்தான் யாழ்ப்பாண நகரில் காப்புறுதிக் கிளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். மேல்மாடி மண்டபமொன்றில் சில நாட்கள் பயிற்சி தந்தார்கள். பிறகு ஒரு பரீட்சை. அங்கே படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பவர் முகாமையாளர்.

என்னைவிட இருபது வயதாவது இளையவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தானும் பூட்டியிருக்கும். யாரோடாவது பேச இருந்தால் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் முகம் கவிழ்த்து வைப்பார். உமக்காக நான் நேரம் பார்க்கமாட்டேன் என்று அதற்குப் பொருள். எங்களையும் அப்படியே செய்யச் சொன்னார். சாவு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "ஒண்டு நடந்தால்" என்பார். அதற்குமேல் போகமாட்டார்.

"ஆளை எந்தக் கதிரையிலை இருத்துவியள், ஐயா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

"எது வசதியோ அதிலை."

"பிழை. வாசலைப் பாத்து இருத்தினால் எழும்பிப் போற நினைப்புத்தான் வரும். பிள்ளையளின்ரை படம் தொங்கிற சுவரைப் பாத்து இருத்துங்கோ. பேந்து நீங்கள் கதைக்கத் தேவையில்லை. படம் கதைக்கும்."

நான் வீட்டுக்கு வந்து முன் விறாந்தையை அதற்கேற்ப மாற்றினேன். ஒரு மேசை, இரண்டு கதிரைகள், எதிர்ச் சுவரில் என் பேத்தியின் படம். நிறுவனம் தந்த பெயர்ப்பலகையை வாசல் படலையில் தொங்கவிட்டேன். சாமிப்படத்துக்கு நேரே அதைக் கொழுவக்கூடாது என்று மங்களம் பிடிவாதமாக நின்றதால் வலப்பக்கமாக நகர்த்தினேன். மங்களம் சமைக்கும் குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். நான் யாரோடு என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்கும்.

என் முதல் வாடிக்கையாளர் மண்கும்பானில் இருந்த ஒரு தோட்டக்காரர். அவருடைய வீட்டுக்கே போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப நான் உயிரோடை இருந்தால் இவளுக்கு நட்டம், போனால் லாபம். நீர் சொல்லுறது உதுதானே? நாளையிலையிருந்து எனக்குச் சோறு போடுவாளோ?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார்: "இப்ப மட்டும் லாபத்துக்கோ போடுறன்? எழுதுங்கோ, மாஸ்டர், இந்தாள் கதைச்சுக்கொண்டே இருக்கும்!"

நான் பள்ளிக்கூட மாஸ்டர் அல்ல. ஆனால் படித்தவன் என்பதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. அதற்கேற்ப நான் கடுமையாகவும் இருந்தேன். விண்ணப்பத்தில் உள்ள ஒரு கேள்வியையும் தாண்டவிடமாட்டேன். சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, தாய் தகப்பன் என்ன வருத்தத்தில் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை வாசித்துக்காட்டி, ஆளைத் தன் கையால் ஒப்பமிடச் செய்வேன். பிறந்த சான்றிதழ் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாஸ்டர் ஒரு கடுதாசி கேட்டால் அது சட்டம் என்று ஊர் நம்பியது. நான் நாசம் செய்தது அந்த நம்பிக்கையை வைத்துத்தான்.

பரமேசு எங்கள் அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். கணவனைப் போரில் இழந்தவள். பனங்கிழங்கைக் கீறி ஒடியலும் புழுக்கொடியலுமாகக் காயவைத்து விற்று, இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவள் கலியாணமாகாமல் வீட்டில் இருந்தாள். இளையவன் சுதன் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை பழகியிருந்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் புங்குடுதீவில் தங்கள் பழைய வீடுகளைத் திருத்தத் தொடங்கிய காலம் அது. அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை.

சுதன் பேரில் ஆயுள் காப்புறுதி செய்யும் யோசனை பரமேசுவுடையது. பின்னுரித்தாளர் தாய்தான். கலியாணமாகாத பையன், வேறு யாரைப் போடுவது? தவணைப்பணத்தை அவளே கொண்டுவந்து கட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், திருநீறு அழியாத நெற்றியோடு விறாந்தையில் வந்து இருப்பாள். வெறும் கையோடு வரமாட்டாள். "அண்ணை, தபால் கந்தோருக்குப் பின்வீட்டுப் பெடியனுக்கு வேலை கிடைச்சிருக்கு, போய்ப் பாருங்கோ," "மேற்கு வீதியிலை கனடாக் காசு வரத் தொடங்கியிருக்கு," என்று செய்தி சொல்லுவாள். அவள் காட்டிய வீடுகளில்தான் என் தொழில் வளர்ந்தது. கிளைச் சுவரில் என் படத்தை மாட்டினார்கள். அந்தப் படத்தில் பாதி அவளுடையது.

பிறகு சுதன் புங்குடுதீவில் ஒரு பெண்ணை விரும்பினான். நிரோஜா. தகப்பன் இல்லாத, சீதனம் ஒன்றும் இல்லாத பெண். தமக்கை இருக்கத் தம்பி கட்டுவதா என்று ஊர் முழுக்கப் பேசியது. அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவளுடைய வீட்டுக்கே போய்விட்டான். தாயோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் தவணைப்பணம் கட்டுவதைப் பரமேசு நிறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தவள் வழக்கம்போல ஊர்ச்செய்தி சொல்லவில்லை. என் பேத்தியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அவன் பேர் மாத்த வருவான். அவள் விடமாட்டாள்."

"வந்தால் மாத்தத்தானே வேணும், பரமேசு. அது அவன்ரை உரிமை."

"உரிமை! மூத்தவளைக் கரைசேர்க்கிறது ஆற்றை கடமை? நான் ஒடியல் கீறிக் கட்டின காசு அண்ணை அது. அந்த ஒரு பேர்தான் இப்ப எனக்கும் அவனுக்கும் இடையிலை மிச்சம். அதையும் அழிச்சால் எனக்குப் பிள்ளை இல்லை." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்கள் மாத்தினால் நான் இந்தப் படலை திறக்கமாட்டன். ஊருக்கும் சொல்லுவன்."

அது மிரட்டலா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். "பாப்பம்" என்றேன். அந்த ஒரு சொல்லில் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சுதன் வந்தபோது நிரோஜாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, குளித்து வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தான்.

"மாமா, நொமினியை மாத்தவேணும். அம்மாவைக் கைவிடுறன் எண்டில்லை. அம்மாவுக்கு நான் உழைச்சுக் குடுப்பன். ஆனால் எனக்கு ஒண்டு நடந்தால் இதுகள் ரெண்டுக்கும் ஆருமில்லை."

செய்யவேண்டியது மிகச் சிறிய வேலை. ஒரு தாள். அதில் புதியவரின் பெயர், உறவுமுறை, அடையாள அட்டை இலக்கம், காப்புறுதி செய்தவரின் ஒப்பம். அன்றே நிரப்பி மறுநாள் கிளையில் கொடுத்திருந்தால் போதும். அந்தத் தாள் என் மேசை இலாச்சியில் கட்டாக இருந்தது. நான் இலாச்சியைத் திறக்கவில்லை.

"ஓம், செய்யலாம். ஆனால் கொஞ்சம் கடுதாசியள் வேணும்," என்றேன். கலியாணப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி. இரண்டு ஊர்க் கிராம அலுவலரிடமும், விதானைமாரிடமும்தான், கடிதம். நிரோஜாவின் அடையாள அட்டையைக் கணவன் பெயரோடு புதிதாக எடுக்கவேண்டும். இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. நான் சொல்லச் சொல்ல அவன் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டான். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. மாஸ்டர் கேட்டால் அது சட்டம்.

அவன் படலையைத் தாண்டியதும் மங்களம் குசினியிலிருந்து வந்து நின்றாள்.

"உங்கடை பத்திரத்திலை என்ரை பேரை ஏத்தேக்கை எந்த விதானையாரிட்டைக் கடிதம் எடுத்தனீங்கள்?"

"உமக்கு உது விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. கைக்குழந்தைக்காரியை அடையாள அட்டைக்கு அலையவிடுறதும் விளங்கேல்லை," என்றுவிட்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் சாப்பாட்டை மேசையில் மூடிவைத்துவிட்டுத் தான் தனியாகச் சாப்பிட்டாள்.

என் கணக்கு இதுதான். அவன் அலுத்து விட்டுவிடுவான். அல்லது தாயும் மகனும் சமாதானமாகிவிடுவார்கள். அதற்குள் மூத்தவளுக்கு ஒரு கலியாணமும் பொருந்தும். இளம் வயது, நல்ல தேகசுகம், என்ன நடக்கப்போகிறது? ஒன்று நடக்கும் நடக்கும் என்று வீடு வீடாகச் சொல்லி விற்ற மனிதன், அது சுதனுக்கு நடக்காது என்று நினைத்தேன்.

அவன் அலுக்கவில்லை. வேலணைச் சந்தியில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். "மாமா, உங்கடை பக்கத்து விதானையார் கடிதம் தந்திட்டார். அடையாள அட்டைதான் இழுபடுது." நான் "கெதியா எடும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு மாலை, வேலை முடித்துத் திரும்பும்போது, கடலுக்குக் குறுக்கே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் அவன் விழுந்தான். காற்று தள்ளியதா, எதிரே வந்த வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசியதா, ஒருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் உயிர் போய்விட்டது.

செத்தவீடு நிரோஜாவின் வீட்டில் நடந்தது. பரமேசு தலைமாட்டிலும் நிரோஜா கால்மாட்டிலும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் பந்தலின் ஓரத்தில் நின்றேன். அங்கே நின்ற சிலர் என்னிடம் வந்து, "நல்லகாலம் மாஸ்டர், நீங்கள் இன்சூரன்ஸ் செய்து வைச்சது," என்றார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு நிரோஜா குழந்தையோடு என் விறாந்தைக்கு வந்தாள். படத்தைப் பார்த்த கதிரையில் இருந்தாள். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தாள்.

"மாமா, நீங்கள் கேட்டதெல்லாம் அவர் எடுத்திட்டார். என்ரை அடையாள அட்டை போன கிழமைதான் தபாலிலை வந்தது. வாற ஞாயிறு கொண்டுவந்து தரவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்." ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். கலியாணப் பதிவு, இரண்டு கடிதங்கள், புதிய அட்டை. மடிப்புக் கலையாமல் இருந்தன. "எத்தினை நாள் வேலையை விட்டிட்டு இதுக்கு அலைஞ்சவர். இனி நான் என்ன செய்யவேணும்?"

"பிள்ளை, இனி ஏலாது. மாத்திறதெண்டால் அவற்றை கையெழுத்து வேணும்."

"கடுதாசி எல்லாம் சரியா இருக்குத்தானே, மாமா?"

"எல்லாம் சரியா இருக்கு."

அவள் அழவில்லை. தாங்கள் பிந்திவிட்டோம் என்று நினைத்தாள். "இன்னும் கொஞ்சம் கெதியா ஓடியிருக்கவேணும்," என்றாள். அந்த நினைப்போடு அவளைப் போகவிட்டேன்.

அடுத்த நாள் கிளைக்குப் போய் முகாமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த கடிகாரத்தின்மேல் கையை வைத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை வேறை ஆருக்குச் சொன்னனீங்கள், ஐயா?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப என்னோடை இருக்கட்டும். நீங்கள் செய்ததை எழுதித் தந்தாலும் பத்திரத்திலை இருக்கிற பேருக்குத்தான் காசு போகும். அந்தப் பிள்ளைக்கு ஒரு சதமும் வராது. உங்கடை பேர்தான் போகும்." பிறகு கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார். பேச்சு முடிந்துவிட்டது. அவர் சொன்னதில் பிழையில்லை. எழுதிக் கொடுக்காமல் விட அது எனக்குப் போதுமான சாட்டாக இருந்தது.

காசோலை வந்ததும் நான்தான் பரமேசுவிடம் கொண்டுபோனேன். பாதியையாவது குழந்தைக்குக் கொடு என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுதழுது முகம் வற்றிப்போயிருந்தது.

"மாத்தவேண்டாம் எண்டு நான் கேட்டனான். பிள்ளையைப் பறிகுடுத்த தாய் பாவி எண்டே இருக்கட்டும். மாத்தாமல் விட்டது ஆர், அண்ணை? இப்ப நீங்கள் நல்லவராகப் பாக்கிறியளோ?"

அந்தப் பணத்தில் மூத்தவளுக்கு வீடு எழும்பியது, கலியாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். மங்களம் வரவில்லை.

அதன் பிறகும் சில ஆண்டுகள் முகவராகவே இருந்தேன். பெயர் மாற்ற வருபவர்களை ஒரு நிமிடமும் காக்கவைக்கவில்லை. அப்படித் திருந்திவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் நிரோஜா மறுபடி வந்தாள். நண்டு பதப்படுத்தும் இடத்தில் வேலை செய்வதாகச் சொன்னாள். விரல்களெல்லாம் கீறல். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளாம். தன் பேரில் ஒரு காப்புறுதி செய்து, மகளைப் பின்னுரித்தாளராகப் போடவேண்டுமாம். பழைய உறையைப்போல இரண்டு மடங்கு பருத்த ஓர் உறையை மேசையில் வைத்தாள்.

"விதானையாரின்ரை கடிதம், பிள்ளையின்ரை சான்றிதழ், அவற்றை மரணப் பதிவு, எல்லாம் கொண்டந்தனான், மாமா. அந்தமுறை மாதிரி இழுபடக்கூடாது."

நான் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, விண்ணப்பத்தை எடுத்தேன். "உவ்வளவும் தேவையில்லை, பிள்ளை. நொமினிக்குப் பேரும் உம்மடை கையெழுத்தும் காணும்," என்றேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவள் உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த கடுதாசிகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்பதான் அப்பிடி மாத்தினவையோ, மாமா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவள் எனக்கு ஒரு வழி திறந்து வைத்திருந்தாள். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இல்லை. எப்பவும் அப்பிடித்தான்."

"அவற்றை அம்மாவோ சொன்னவ?"

"கேட்டவ. செய்தது நான்."

அவள் உறையிலிருந்து எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள். விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, மகளின் பெயரை எழுதி, ஒப்பமிட்டாள். மற்றக் கேள்விகளுக்கும் தானே வாசித்துப் பதில் எழுதினாள். நான் கை நீட்டினேன்.

"வேண்டாம். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். யாழ்ப்பாண பஸ் எத்தினை மணிக்கு?"

கவிழ்ந்து கிடந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. "வெயிலாக் கிடக்கு, இதிலை இரும்," என்றேன். அவள் இருக்கவில்லை. படலைக்கு வெளியே, என் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், பஸ் வரும்வரை உறையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

அந்தக் கிழமையே கிளைக்குப் போய் முகவர் பதவியிலிருந்து விலகினேன். அதற்கும் ஒரு தாள்தான் தந்தார்கள். பெயரும் கையெழுத்தும் போதும் என்றார்கள்.